காஜியா கிளாசிக்: ஸ்பிரிங்கா, பிஐடியா?

காஜியா கிளாசிக் எஸ்பிரெஸோ மெஷினில் வீட்டிலேயே செய்துகொள்ளும் மாற்றங்களில் இரண்டுதான் முக்கியம். ஒன்று, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஓபிவி வால்வில் 9 பார் (பார் என்பது அழுத்த அளவு) ஸ்பிரிங் போடுவது. மற்றது, பாய்லர் தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலாக, வெப்பத்தைச் சீராக வைக்கும் பிஐடி என்ற எலக்ட்ரானிக் கண்ட்ரோலர் மாட்டுவது. நான் ஸ்பிரிங்கோடு நிறுத்திக்கொண்டேன். வீடு கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் பக்கம், கடலை ஒட்டி.

விலையில் போட்டியே இல்லை, ஸ்பிரிங் மிக மலிவு. வேலையும் சுலபம்: பிளக்கைப் பிடுங்கி, பாய்லர் ஆறியதும் மேல் மூடியைக் கழற்றி, வால்வைத் திறந்து ஸ்பிரிங்கை மாற்றினால் முடிந்தது. வயரிங்கில் எதையும் மாற்ற வேண்டாம். கம்பெனி வைத்திருந்த கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் காபித்தூளின் பலவீனமான இடத்தைத் துளைத்துக்கொண்டு ஓடும். ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வரும். 9 பாரில் அது வெகுவாக அடங்கிவிட்டது. 2023-இல் வந்த எவோ ப்ரோவில் கம்பெனியே 9 பார் வைத்துவிட்டது. அந்த மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஸ்பிரிங் மாற்றும் கேள்வியே இல்லை.

பிஐடியின் பயனும் உண்மையானது. தெர்மோஸ்டாட் ஒரு உலோகத் தகடு, சூடானால் அணைக்கும், ஆறினால் போடும். இடையில் வெப்பம் பத்து டிகிரிக்கு மேல்கூட ஏறி இறங்கும். காபிக்குத் தேவை சுமார் 90 முதல் 96 டிகிரி. பிஐடி சென்சாரைப் பார்த்து ஹீட்டருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் விட்டு அதை நிலையாக நிறுத்தும். ஹீட்டர் விளக்கு அணைந்து எரிவதைப் பார்த்து ஷாட் (ஒரு கோப்பை எஸ்பிரெஸோ) போடும் வேலை மிச்சம்.

ஆனால் எங்கள் ஊரில் பராமரிப்பு என்ற ஒன்று எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே உதிர்கிறது. தெரிந்தவர் ஒருவர் மாட்டிய பிஐடியைத் திறந்து பார்த்தேன்: செம்பு முனைகள் பச்சை பூத்திருந்தன, ஒரு கனெக்டரை விரலால் தொட்டதும் கழன்றது. சென்சார் இணைப்பு இப்படித் தளர்ந்தால் திரையில் வரும் எண்ணை எப்படி நம்புவது? அப்புறம் ஐப்பசி இடி, கரண்ட் போய் வரும்போது அடிக்கும் வோல்டேஜ். பிஐடி சொல்படி ஹீட்டரை இயக்கும் எலக்ட்ரானிக் சுவிட்சான எஸ்எஸ்ஆர் கெட்டால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். பாய்லர் சூடேறிக்கொண்டே போகும். அப்போது காப்பது, சூடு எல்லை மீறினால் கரண்டை வெட்டும் தெர்மல் ஃபியூஸ் மட்டும்தான். நாகர்கோவில் வடசேரியில் மிக்சி ரிப்பேர் பார்க்கும் அண்ணன் வயரைச் சரிசெய்து தருவார், ஆனால் கண்ட்ரோலரை வெளியூரிலிருந்து வரவழைத்துத்தான் ஆக வேண்டும். ஸ்பிரிங்குக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாமல், அவ்வப்போது டீஸ்கேல் செய்தால் (உள்ளே படியும் உப்புப் படிவை நீக்கினால்) போதும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் நன்றாகக் கருக வறுத்த டார்க் ரோஸ்ட், அதுவும் பால் சேர்த்துத்தான். இளசாக வறுத்த லைட் ரோஸ்டில் எனக்குப் பழக்கம் குறைவு. அதைப் பாலில்லாமல் குடிப்பவர்களுக்கு டிகிரிக் கணக்கு நாக்கில் தெரியும் என்கிறார்கள், நம்புகிறேன்.

அப்படிப்பட்டவர் குலசேகரம், தக்கலை மாதிரி கடலிலிருந்து தள்ளி இருந்தால் பிஐடி போடலாம். எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். எஸ்எஸ்ஆரைப் பாய்லரை விட்டுத் தள்ளி, சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்கோடு வையுங்கள். தெர்மல் ஃபியூஸை மட்டும் எக்காரணத்துக்கும் கழற்றிவிடாதீர்கள்.