டெமோவில் காட்டியது ஒன்று, டப்பாவில் வந்தது வேறு: 22,500 ரூபாய் போச்சு

டிஜிட்டல் டைரி, நோட் டேப்லெட் என்று கையடக்கமாக எதையாவது வாங்கப் போகிறவர்கள், முக்கியமாக வயல், வெயில் என்று அலைந்து தொழில் செய்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். 22,500 ரூபாயை முழுசாகக் கொடுத்துவிட்டு வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். அவரவர் வேலைக்குத் தகுந்ததை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் சொல்கிறேன்.

மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் நெல் அறுக்கும் மெஷினுக்கு புக்கிங் பிடிப்பது என் தொழில். தை பிறந்துவிட்டால் சாப்பிட நேரம் இருக்காது. யாருக்கு எத்தனை மா நிலம், வயல் காய்ந்திருக்கிறதா சேறா, டயர் மெஷின் போதுமா பெல்ட் மெஷின்தான் வேண்டுமா, அட்வான்ஸ் எவ்வளவு, எல்லாவற்றையும் வரப்பில் நின்றபடியே குறித்தாக வேண்டும். போனில் குறித்துக்கொள்ளலாமே என்பார்கள். அந்த நேரத்தில் போன் காதில் இருக்கும் சாமி! பாக்கெட் டைரியில் எழுதினால் பனியில் நனைந்து மை ஊறிப்போகும். அப்புறம் வடுவூர்க்காரரின் ஐந்து மா எது, நீடாமங்கலத்துக்காரரின் பதினைந்து மா எது என்று எனக்கே தெரியாது.

அதனால் கேட்டது கொஞ்சம்தான். உச்சி வெயிலில் திரை தெரியணும், பேனாவால் தமிழில் கிறுக்கினால் ஏற்கணும், ராத்திரி வரைக்கும் சார்ஜ் நிற்கணும். படம் பார்க்க, பாட்டுக் கேட்க எதுவும் வேண்டாம்.

கடை தஞ்சாவூரில். மொபைலும் டேப்லெட்டும் விற்கும், கண்ணாடிக் கதவு போட்ட ஏசி கடை. பெயர் வேண்டாம், போட்டால் இந்தப் பதிவையே தூக்க வைத்துவிடுவார்கள். உள்ளே போனதும் விற்பனைத் தம்பி நாற்காலி போட்டான், டீ சொன்னான். "அண்ணே, முதல்ல உங்க வேலையச் சொல்லுங்க. டைப் அடிப்பீங்களா, கையால எழுதுவீங்களா? உட்கார்ந்து குறிப்பீங்களா, நின்னுகிட்டா?" என்று கேட்டான். விலையைக் கேட்காமல் வேலையைக் கேட்கிறானே என்று எனக்கு அப்படியொரு நம்பிக்கை வந்துவிட்டது.

ஷோகேஸிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். இ-இங்க் திரை, அதாவது காகிதத்தில் மை அச்சடித்த மாதிரி தெரியும் திரை. பேனாவால் "கோட்டூர் 8 மா பெல்ட்" என்று எழுதினேன். என் கோழிக்கிறுக்கல் அச்செழுத்தாக மாறி நின்றது. அவனே வாசலுக்குக் கூட்டிப் போய் வெயிலில் காட்டினான், ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. இ-இங்க் திரை பக்கம் மாறும்போது மட்டும்தான் கரண்ட் எடுக்கும், அதனால் சார்ஜ் நாள் கணக்கில் நிற்கும் என்றான். அது பொய்யில்லை. 1996-ல் வந்த பாம் பைலட் என்ற கையடக்க டிஜிட்டல் டைரி கூட பின்விளக்கு இல்லாததால் இரண்டே இரண்டு மெல்லிய பென்சில் பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடியது. அவன் வாயால் சொன்னதெல்லாம் சரிதான். பித்தலாட்டம் டப்பாவுக்குள் இருந்தது.

"இது டெமோ பீஸ்ண்ணே, பல பேர் கை பட்டது. உங்களுக்கு சீல் உடைக்காத புதுசு தர்றேன்" என்றான். எவ்வளவு அக்கறை பாருங்கள். அங்கேயே 22,500 ரூபாயை ஜிபேயில் போட்டேன்.

வீட்டுக்கு வந்து பிரித்தால் திரை பளபளவென்று நீல வெளிச்சத்தோடு எரிகிறது. சாதாரண எல்சிடி, மேலே பளபளப்பைக் குறைக்க ஒரு ஸ்டிக்கர். மாடல் பெயர் அதேதான், கடைசியில் ஒரே ஓர் எழுத்து குறைவு. பேனா முனையில் ரப்பர். எழுதும்போது உள்ளங்கை பட்டால் அதற்கும் ஒரு கோடு விழுகிறது. மறுநாள் வயலில் திரையைப் பார்த்தால் என் மூஞ்சிதான் தெரிந்தது. ஈர விரல் பட்டதும் பக்கம் தானாகத் தாவுகிறது. தமிழில் எழுதினால் அசையவே இல்லை, இங்கிலீஷ் மட்டும்தானாம், அதுவும் நெட் இருந்தால். மத்தியானத்துக்குள் அணைந்துவிட்டது, நான் வைத்த அலாரமும் அதோடு போச்சு. கோட்டூர்க்காரர் போனில், "தம்பி, மெஷினு வருதா, இல்ல நான் அருவாளத் தூக்கவா?" என்று கத்துகிறார்.

கடைக்குப் போனேன். அதே தம்பிதான், நாற்காலி மட்டும் இல்லை. "நாலஞ்சு தடவை ஃபுல் சார்ஜ் போடுங்க, பேட்டரி செட் ஆயிடும்" என்றான். அடுத்து "தமிழுக்கு அப்டேட் வரும்" என்றான். திரை எப்படி அப்டேட்டில் மாறும் என்று கேட்டதற்கு, "சீல் உடைச்சாச்சுல்ல, இனி கம்பெனியத்தான் கேக்கணும்" என்றான். கம்பெனி நம்பரை யாரும் எடுப்பதில்லை. முதலாளி கும்பகோணம் கிளையில் இருக்கிறார் என்றார்கள். அங்கே கேட்டால் தஞ்சாவூரில்தான் இருப்பார் என்கிறார்கள். சரி, அன்று காட்டிய டெமோ பீஸையாவது எடு என்றேன். ஷோகேஸில் அந்த இடம் காலி.

பில் என்று கொடுத்த சீட்டில் "டேப்லெட் 1, 22,500" என்று மட்டும் இருக்கிறது. மாடலும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. கடைசியாக அந்தத் தம்பி குரலைத் தாழ்த்தி, "வேணும்னா எக்ஸ்சேஞ்சுல 4,000 போட்டுக்கலாம்ண்ணே" என்றான். 22,500-க்கு விற்ற வாய் அது! இரண்டு மெஷின் சீசன் முழுக்க ஓடி வந்த கமிஷன் அது.

எப்படி வாங்குவது என்று எழுதுவதாகச் சொன்னேன். இப்போது பொறுமை இல்லை, நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டைப் அடித்தே பழகியவருக்கு இதெல்லாம் வேண்டாம், போனே போதும். எழுதுகிறவர், எந்தப் பீஸ் உங்கள் கைக்கு வருகிறதோ அதையே கடையில் பிரித்து, நெட்டை அணைத்துவிட்டு, தெருவில் வெயிலில் வைத்து, உங்கள் கையெழுத்தில் தமிழில் எழுதிப் பாருங்கள். குறிப்புகளை வெளியே ஃபைலாக எடுக்க முடியுமா என்று கேளுங்கள். என் புக்கிங் பாதி இன்னும் அதற்குள்தான் கிடக்கிறது. மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை பில்லில் எழுத வைத்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

முறையான பில் தராததையே முறையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். அதிலும் நடக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. இதே மாதிரி மாட்டியவர்கள் யாராவது இருந்தால் அந்தத் துண்டுச் சீட்டையும் டப்பாவையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வையுங்கள்.