பையை மிதக்கவிடுவதா, சொட்டுச் சொட்டாகப் பழக்குவதா?

புதிதாக வாங்கிய மீன் இருக்கும் பையை மூடியபடி 15–20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டால் வெப்பநிலை சமனாகும், அவ்வளவுதான். வன்னியில் பல கிணறுகளின் நீர் சுண்ணாம்பு மிகுந்த கடின நீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்தாலே தெரியும். கப்பி மீனுக்கு அந்த நீர் பிடிக்கும், மிதக்கவிடுவதே போதும்.

நியோன் டெட்ரா சுண்ணாம்பு குறைந்த மென்னீரில் வாழும் மீன், கடின நீருக்கு மெல்ல மெல்லத்தான் பழக்க வேண்டும். அதை வாளியில் பை நீரோடு வைத்து, முடிச்சிட்ட காற்றுக் குழாயால் நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாகத் தொட்டி நீரை இறக்க வேண்டும். ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்தப் பொறுமை மீனுக்கு நாம் கொடுக்க வேண்டிய கடன்.

ஆனால் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த பையென்றால் நான் சொட்டுமுறையை நாடமாட்டேன். பயணத்தில் மீன் விட்ட மூச்சின் கரியமில வாயு நீரை அமிலமாக்கி, கழிவின் அமோனியாவை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், அமோனியா நஞ்சாக மாறும். அந்த நீரில் மீனை ஒரு மணி நேரம் வைத்திருப்பது கொடுமை. மூடியபடி மிதக்கவிட்டு, திறந்தவுடன் வலையால் அள்ளித் தொட்டியில் விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

புதுத் தொட்டியில் கழிவின் நஞ்சைப் போக்கும் பாக்டீரியா வளர வாரக்கணக்காகும். எந்த முறையானாலும் முதலில் இரண்டு மூன்று மீன்களே போதும், இரையையும் குறையுங்கள்.