சைட்ஸ்வாப் சோதனை: மீதிக் கணக்கா, நிலை வரைபடமா?

பந்துகளை மாறிமாறி எறிந்து பிடிக்கும் வித்தையை (ஜக்ளிங்) எண்களால் எழுதும் சைட்ஸ்வாப் குறிமுறையில் ஓர் எண், அந்தப் பந்து எத்தனை தாளம் கழித்து மறுபடி எறியப்படும் என்பதைக் காட்டுகிறது. 5, 3, 1 என அடுத்தடுத்து எறியும் 531-இன் சராசரி 3. ஆகவே மூன்று பந்துகள்.

ஒரு வரிசையை எறிய முடியுமா என்று சோதிக்கும் மீதிக் கணக்குக்குத் தாள்கூடத் தேவையில்லை. எண்களுடன் முறையே 0, 1, 2 கூட்டி, வரிசையின் நீளமான 3-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 531-க்கு 2, 1, 0. எல்லாம் வேறுவேறு, எனவே எறியலாம். 513-க்கு 2, 2, 2. சராசரி இங்கும் 3தான், ஆனால் மூன்று பந்துகளும் ஒரே தாளத்தில் ஒரே கையில் வந்து விழும். சராசரியை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். எண்ணிப் பார்க்கவும் இந்த வழியே அழகு: மூன்று பந்து, நீளம் 3 என்றால் 4³ − 3³ = 37 வரிசைகள் (சுழற்சிகளைத் தனித்தனியாக எண்ணினால்). பொதுச் சூத்திரத்தை கணிதவியலாளர்கள் பூலர், ஐசன்பட், கிரகாம், ரைட் நால்வரும் 1994-இல் வெளியிட்டார்கள்.

ஆனால் 333-இலிருந்து 51-க்கு மாறும் வழியை இது சொல்லாது. நேரே 5, 1 எறிந்தால், அந்த 1 கடைசியாக எறிந்த 3-உடன் மோதும். நிலை வரைபடத்தில் இது பளிச்சென்று தெரியும். வரும் தாளங்களில் பந்து இறங்கினால் 1, இல்லையேல் 0 என எழுதுங்கள். 333-இன் நிலை 11100. ஒரு 4 எறிந்தால், முதல் இடம் கழிந்து, நான்காம் இடத்தில் 1 வந்து, 11010. அங்கே 51-ஐ விரும்பிய அளவு சுற்றலாம். 2 போட்டால், அதாவது பந்தைக் கையிலேயே வைத்திருந்தால், மீண்டும் 11100.

விலை, வரைபடத்தின் அளவு. மூன்று பந்து, உயரம் (எறியும் எண்) 5 வரை என்றால் 10 நிலைகள்தான். ஐந்து பந்து, உயரம் 9 என்றால் 126. கையால் வரைவதானால் மூன்று பந்தோடு நிறுத்துங்கள்.