ஏலியாஸ் கிரேஸ்: அவசரப்படாமல் படிக்க வேண்டிய கொலைக்கதை

கொலை செய்தது யார் என்று கடைசிப் பக்கத்தில் தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு மார்கரெட் அட்வுட்டின் 'ஏலியாஸ் கிரேஸ்' சரிப்படாது. மற்றவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள். முதல் தடவை நூறு பக்கம்கூடத் தாண்டாமல் மூடி வைத்துவிட்டேன். இந்தத் தடவை பொறுமையாக உட்கார்ந்தேன், முடித்து ஒரு வாரமாகியும் கிரேஸின் குரல் காதிலேயே இருக்கிறது.

நிஜமாக நடந்த வழக்கு இது. 1843 ஜூலையில், கனடாவில் டொரன்டோவுக்கு வடக்கே ரிச்மண்ட் ஹில்லில், தாமஸ் கின்னியர் என்பவரும் அவர் வீட்டைப் பார்த்துக்கொண்ட நான்சி மான்ட்கோமரியும் கொல்லப்பட்டார்கள். வேலைக்காரன் ஜேம்ஸ் மெக்டர்மாட்டைத் தூக்கில் போட்டார்கள். அவனோடு ஓடிப்போன வேலைக்காரப் பெண் கிரேஸ் மார்க்ஸுக்கு 16 வயதுதான், அவளுடைய தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது.

நாவலின் முக்கியக் கதை 1859-ல் நடக்கிறது. கிங்ஸ்டன் சிறையில் இருக்கும் கிரேஸ் பகலில் சிறைத் தலைவரின் வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள். கொலை நடந்த நேரம் தனக்கு நினைவில்லை என்பவளிடம் பேச்சுக்கொடுக்க சைமன் ஜோர்டன் என்ற இளம் டாக்டர் (இவர் கற்பனைப் பாத்திரம்) வருகிறார். ஒரு நாள் ஆப்பிள், இன்னொரு நாள் பீட்ரூட் என்று எதையாவது கொண்டுவந்து அவள் முன்னால் வைக்கிறார். பிணங்கள் கிடந்தது நிலவறையில், கிழங்குகளைச் சேமிப்பதும் நிலவறையில், அப்படியாவது ஏதாவது ஞாபகம் வராதா என்று பார்க்கிறார். அவர் எதை எதிர்பார்க்கிறார் என்பது அவளுக்கும் புரிகிறது, எதைச் சொன்னால் மகிழ்ந்துபோவார் என்பதும் புரிகிறது. அதனால் அவள் பேசும் ஒவ்வொரு வரியையும் நம்பலாமா என்று நாமும் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டே இருக்கிறோம்.

மெதுவாகத்தான் போகும். துணி துவைப்பது, கஞ்சி போடுவது, தரை தேய்ப்பது எல்லாம் பக்கம் பக்கமாக வரும், எனக்கு அதுதான் புத்தகத்தின் உயிர். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் குவில்ட் போர்வையின் வடிவங்களைத்தான் 15 பகுதிகளுக்கும் பெயராக வைத்திருக்கிறார் அட்வுட். அயர்லாந்திலிருந்து வரும் கப்பலில் அம்மா இறந்துபோக, உடலை எந்த விரிப்பில் சுற்றிக் கடலில் இறக்குவது என்று அந்தச் சிறுமி யோசிக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்திவிட்டேன். டொரன்டோவில் கிடைக்கும் தோழி மேரி விட்னியின் பகுதி இன்னும் கனமானது. அதை இங்கே சொல்ல மாட்டேன்.

குறை என்றால் டாக்டர் தங்கியிருக்கும் வீட்டில் நடப்பவை. கிரேஸ் எப்போது திரும்பி வருவாள் என்று இருந்தது. அப்புறம், அவள் சொல்லும் பகுதிகளில் உரையாடலுக்கு மேற்கோள் குறியே கிடையாது, இருபது பக்கத்தில் பழகிவிடும்.

2017-ல் ஆறு பகுதிகளாகத் தொடர் வந்தது, கிரேஸாக சாரா கேடன் அருமையாக நடித்திருக்கிறார், ஆனால் புத்தகத்தை முடித்துவிட்டுப் பாருங்கள். அதேபோல அட்வுட் கடைசியில் எழுதியிருக்கும் பின்னுரையை முன்கூட்டிப் புரட்டாதீர்கள். சூசன்னா மூடி என்ற எழுத்தாளர் இந்த வழக்கைப் பற்றி 1853-ல் எழுதியதை நம்பி, தான் முன்பு இதே வழக்கை டிவி நாடகமாக எழுதியதையும், 1872-ல் மன்னிப்புக் கிடைத்து நியூயார்க் மாநிலத்துக்குப் போன கிரேஸின் தடம் அதன்பிறகு இல்லாமல் போவதையும் அவர் அங்கேதான் சொல்கிறார்.