டெக் மூலைப் படி: சாய்வு ஸ்ட்ரிங்கரா, அடுக்குப் பெட்டியா?

நியூஜெர்ஸியில் வீட்டுக்குப் பின்னால் டெக் (திறந்த மரத்தளம்) போட்டபோது, படியை ஒரு பக்கத்தோடு நிறுத்தாமல் மூலையைச் சுற்றிக் கொண்டுபோக ஆசைப்பட்டேன். இதற்கு இரண்டு வழி. 2×8 பலகையில் பெட்டிகள் அடித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். அல்லது 2×12 பலகையில் ஸ்ட்ரிங்கர் (படிகளைத் தாங்கும், பல் பல்லாக வெட்டிய சாய்வுச் சட்டம்) வெட்டி, மூலையில் ஒன்றை 45 டிகிரியில் நிறுத்தி, மிதிப்பலகைகளின் முனைகளை 45 டிகிரியில் வெட்டி அதன்மேல் மைட்டராகச் சேர்க்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன், மறுபடி கட்டினாலும் அதுதான்.

பெட்டி சுலபம், மூலைக்கென்று தனிக் கணக்கே இல்லை. ஆனால் எங்கள் பழைய வீட்டில் இருந்தது பெட்டிப் படி. நாலு பக்கமும் மண்ணோடு ஒட்டியிருந்ததால் உள்ளே விழுந்த இலையும் ஈரமும் வெளியேற வழியில்லாமல், ஐந்தாம் வருடம் பிரித்தபோது அடிச்சட்டத்தில் ஸ்க்ரூ போட்ட இடமெல்லாம் கறுத்து, விரல் பட்டால் அமுங்கியது. கீழ்ப்பெட்டியை மாற்ற மேல்பெட்டியையும் கழற்ற வேண்டியிருந்தது. ஸ்ட்ரிங்கர் கான்கிரீட் மேல் கால் ஊன்றி நிற்கும், அடியில் காற்று ஓடும், தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சரி, கஷ்டம் மூலையில்தான். அங்கே படி உயரம் மாறாது, மிதியகலம் மட்டும் 1.414 மடங்காகும். என் டெக் 20¼ அங்குல உயரம், 6¾ வீதம் மூன்று ஏற்றம். நேர் ஸ்ட்ரிங்கரில் மிதி 10½, மூலையில் 14.85, மூலைமட்டத்தின் நீளக் கையில் அதைப் பிடித்துக் கோடு போட்டேன். வெட்டியபின் நேர் ஸ்ட்ரிங்கரில் ஐந்தரை அங்குல மரம் மிஞ்சுகிறது, மூலையில் ஐந்துக்குக் கொஞ்சம் மேல்தான். குறைந்தது 5 இருக்க வேண்டும் என்பது அமெரிக்க டெக் வழிகாட்டி; ஏற்றம் 7 ஆகியிருந்தால் அதுவும் தேறியிருக்காது. ஆகவே உயரத்தைப் பிரிக்கும்போதே மூலையையும் கணக்குப் பார்த்துவிடுங்கள்.

மூலைக்கு இரட்டைப் பலகை போடுங்கள், இரண்டையும் எதிரெதிராக 45 டிகிரி சரித்து வெட்டினால் முகப்பு அம்பு முனைபோல் வரும், மைட்டரின் இரு பக்கமும் ஸ்க்ரூ பிடிக்க மரம் கிடைக்கும். அப்புறம், கீழ்ப்படியின் விளிம்பில் கடைசி நேர் ஸ்ட்ரிங்கருக்கும் மூலைக்கும் நடுவே 21 அங்குலம் வெறுமையாகிவிடும். அங்கே ஒரு குட்டித் தாங்கல் கட்டாயம்.

மரம் காயும்போது அகலத்தில்தான் சுருங்கும், அதனால் மைட்டரின் உள்முனை வாய் பிளக்கும். பிரஷர் ட்ரீட்டட் (உளுக்காமலிருக்க மருந்தேற்றிய) பலகையைச் சில வாரம் காயவைத்துத்தான் வெட்டினேன், அப்படியும் ஒரு மூலையில் நாணயம் நுழையும் இடைவெளி இருக்கிறது. இரண்டு குளிர்காலம்தான் ஆகியிருக்கிறது. காம்போசிட் (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகையில் நான் செய்து பார்த்ததில்லை.