ஒரே பார்ட்னரா, மாறும் பார்ட்னரா? பிரையன் சகோதரர்களும் லியாண்டர் பயஸும்

ஒன்பது வருஷம் ஒரே ஆளோடு ஜோடி சேர்ந்து டென்னிஸ் டபுள்ஸ் ஆடியவன் நான். ஞாயிறு காலை ஆறரை மணி, சென்னையில் ஒரு களிமண் கோர்ட், நான் வலது பக்கம், அண்ணன் இடது பக்கம். அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை, பார்ட்னர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். போன வருஷம் தை மாதம் அவருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்துவிட்டது. இரண்டு மாதம் வேறு யாருடனும் ஆட மனசு வராமல் ராக்கெட்டை எடுக்காமலே இருந்தேன். அப்புறம் யோசித்தால் இரண்டு வழி தெரிந்தது. அண்ணனைப் போல நிலையான ஒருவரைத் தேடிப் பிடித்து, மறுபடியும் வருஷக்கணக்கில் ஆடிப் பழகுவது ஒன்று. அன்றைக்குக் கோர்ட்டுக்கு யார் வருகிறாரோ அவரோடு இறங்கிவிடுவது இன்னொன்று.

டென்னிஸ் பார்க்கிறவர்களுக்கு இந்த இரண்டு வழிக்கும் ஆள் தெரியும். முதல் வழிக்கு பாப் பிரையன், மைக் பிரையன். அமெரிக்காவின் இரட்டைச் சகோதரர்கள். சிறுவயதில் தொடங்கி 2020 ஆகஸ்டில் ஓய்வு பெறும் வரை பெரும்பாலும் அவனுக்கு இவன், இவனுக்கு அவன் என்றே ஆடினார்கள். இரண்டாவது வழிக்கு லியாண்டர் பயஸ். நூற்றுக்கும் மேற்பட்ட பார்ட்னர்களோடு ஆடியவர். நான் இரண்டாவது வழியில் போனேன், ஒன்றரை வருஷம் ஆகிறது. அதனால் பயஸ் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதில் சண்டையே இல்லை. பிரையன்கள் ஜோடியாக 16 கிராண்ட்ஸ்லாம் (ஆஸ்திரேலிய, பிரெஞ்ச், அமெரிக்க ஓபன், விம்பிள்டன் என்ற நான்கு பெரிய போட்டிகள்), மொத்தம் 119 பட்டங்கள், 438 வாரம் உலக முதலிடம். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் தங்கமும் உண்டு. பயஸுக்கு ஆண்கள் இரட்டையரில் 8 கிராண்ட்ஸ்லாம், கலப்பு இரட்டையரில் 10. ஆண்கள் இரட்டையர் என்று மட்டும் பார்த்தால் பிரையன்கள் வெகுதூரம் முன்னே.

அவர்களுக்கு அமைந்தது அப்படி. 1978இல் பிறந்தவர்கள், மைக் இரண்டு நிமிஷம் மூத்தவர். மைக் வலக்கை, பாப் இடக்கை. டபுள்ஸில் ஒரு செட் முழுக்க ஒருவர் எப்போதும் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் போடுவார், மற்றவருக்கு எதிர் முனை. சர்வுக்குப் பந்தைத் தூக்கும்போது வெயில் கண்ணில் குத்தும் முனை வலக்கைக்காரருக்கு ஒன்று என்றால், இடக்கைக்காரருக்குப் பெரும்பாலும் அடுத்தது. ஆளுக்கொரு முனையைப் பிரித்துக்கொண்டால் இருவருமே கண் கூசாமல் போடலாம். எங்கள் கோர்ட்டில் எட்டு மணிக்கு மேல் கிழக்கு முனையைப் பார்த்துச் சர்வ் போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜூனியர் போட்டிகளில் அண்ணன் தம்பி நேருக்கு நேர் மோத வேண்டி வந்தால், அவர்களுடைய அப்பா அம்மா ஆட விடமாட்டார்கள். ஒருமுறை ஒருவன் விட்டுக்கொடுப்பான், அடுத்த முறை மற்றவன். ஜோடி உடையாமல் இருக்க அத்தனை சின்ன வயதிலேயே அப்படிப் பார்த்துக்கொண்டார்கள்.

அதை எல்லாராலும் செய்ய முடியாது, கூடப் பிறந்திருக்க வேண்டும் என்று சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. ஒன்பது வருஷம் அண்ணனோடு ஆடியதில் எனக்கும் அதன் சுகம் தெரியும். அவர் தோளைத் திருப்பும் விதத்தை வைத்தே லாப் (எதிராளியின் தலைக்கு மேலே தூக்கிப் போடும் பந்து) போடப்போகிறார் என்று தெரிந்து பின்னால் ஓடியிருப்பேன். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. என்னைத் திருப்பிப் போட்டதும் அதே விஷயம்தான்.

டபுள்ஸில் தோல்வி பெரும்பாலும் நடுவில் வரும் பந்தில்தான் நடக்கும். இருவருக்கும் நடுவே, இருவருக்கும் எட்டும் தூரத்தில் வரும் பந்து. இருவரும் வலக்கைக்காரர்கள் என்றால் இடது பக்கம் நிற்பவருக்கு அது ஃபோர்ஹேண்டில் வரும், அதனால் அவர் எடுப்பதுதான் வழக்கம். அண்ணன் இடது பக்கம். ஆகவே ஒன்பது வருஷம் நடுப்பந்தை அவர்தான் எடுத்தார், நான் விட்டேன். விடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

புதிதாக ஆடத் தொடங்கிய முதல் ஞாயிறு, ஒரு கல்லூரிப் பையன் எனக்குப் பார்ட்னர். அவன் வலது பக்கம்தான் வேண்டும் என்றான், சரி என்று நான் இடது பக்கம் போனேன். மூன்றாவது கேமில் எதிராளியின் ரிட்டர்ன் நேராக நடுவில் வந்தது, வேகம் கூட இல்லை. நான் அசையவில்லை. அவனும் அசையவில்லை. பந்து எங்களைத் தாண்டிப் போன பிறகு, களிமண்ணில் பதிந்த தடத்தை இருவரும் நின்று பார்த்தோம். "அங்கிள், அது உங்க பால்னு விட்டுட்டேன்" என்றான். அவன் சொன்னது நியாயம். ஒன்பது வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதில் பாதி, அண்ணன் கூட இருந்தால் மட்டுமே வேலை செய்வது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்த இடத்திலிருந்துதான் நான் பயஸின் ஆட்ட வாழ்க்கையைப் பார்க்கிறேன். பார்ட்னர் போன பிறகும் கையில் மிஞ்சுவது எது என்ற ஒரே கேள்விதான் எனக்கு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

பயஸ் 1973இல் கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா வேஸ் பயஸ் 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியில் ஆடியவர், அம்மா ஜெனிஃபர் கூடைப்பந்து வீராங்கனை. டென்னிஸ் கற்றது நம் மெட்ராஸில், பிரிட்டானியா அமிர்தராஜ் அகாடமியில். 1990இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் சிங்கிள்ஸ் வெண்கலம். சர்வ் ராட்சச சர்வ் இல்லை, பேக்ஹேண்டும் பெரிய ஆயுதம் இல்லை. நெட் பக்கத்தில் நிற்கும்போது கை என்ன வேகம், அதுதான் அவருடைய மூலதனம். உடம்புக்கு நேரே அடித்த பந்தை மணிக்கட்டை மட்டும் திருப்பி வெற்றிடத்தில் வைப்பார். இந்தச் சரக்குக்குப் பார்ட்னர் யாரென்பது முக்கியமில்லை.

இன்னொரு இந்திய வீரர் மகேஷ் பூபதியோடுதான் பெரிய பட்டங்கள் தொடங்கின. 1997இல் சென்னையில் ஜோடியாக முதல் ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் டூர்) பட்டம். 1999இல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிப் போட்டியிலும் இருந்தார்கள், பிரெஞ்ச் ஓபனும் விம்பிள்டனும் வென்றார்கள். 2001இல் இன்னொரு பிரெஞ்ச் ஓபன். பிறகு பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், மறுபடி பிரிந்தார்கள். டூரில் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்த காலத்திலும் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் சேர்ந்து தங்கம் வாங்கினார்கள்.

பூபதி இல்லாமல் பயஸ் என்ன ஆனார் என்பதுதான் எனக்கு முக்கியம். 2006இல் மார்ட்டின் டாமோடு அமெரிக்க ஓபன். 2009இல் லூகாஸ் டிலூஹியோடு பிரெஞ்ச் ஓபன், அமெரிக்க ஓபன் இரண்டும். அந்த அமெரிக்க ஓபன் இறுதியில் எதிரே நின்றது பூபதியும் மார்க் நோல்ஸும். 2012இல் ராடெக் ஸ்டெபானெக்கோடு ஆஸ்திரேலிய ஓபன், 2013இல் அவரோடே அமெரிக்க ஓபன். எட்டுப் பட்டம், நான்கு பார்ட்னர். கலப்பு இரட்டையரில் லிசா ரேமண்ட், மார்ட்டினா நவ்ரத்திலோவா, காரா பிளாக், மார்ட்டினா ஹிங்கிஸ் என்று இன்னும் நான்கு பேர். நவ்ரத்திலோவா இடக்கை, ஹிங்கிஸ் வலக்கை. ஒருவர் நெட்டை நோக்கிப் பாய்கிறவர், இன்னொருவர் பந்தை வைக்கும் இடத்தாலேயே ஆளை ஓட வைப்பவர். ஒவ்வொருவரோடும் நடுப்பந்தைப் புதிதாகப் பேசி முடிவு செய்திருக்க வேண்டும். இருபது வருஷம் அதைச் செய்தார்.

இரண்டு வழியும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களும் இருக்கின்றன. 2012 ஆஸ்திரேலிய ஓபன் இறுதி. அதற்கு முந்தைய மூன்று வருஷமும் அங்கே பிரையன்கள்தான் சாம்பியன். இன்னொன்று வென்றால் 12ஆவது கிராண்ட்ஸ்லாம், வுட்பிரிட்ஜ்-வுட்ஃபோர்ட் ஜோடியின் 11ஐத் தாண்டிவிடுவார்கள். பயஸும் ஸ்டெபானெக்கும் நேர் செட்டில் வென்றார்கள், 7-6, 6-2. பயஸிடம் இல்லாமல் இருந்த ஒரே ஆண்கள் இரட்டையர் கிராண்ட்ஸ்லாம் அதுதான். அதே வருஷம் அமெரிக்க ஓபன் இறுதியில் பிரையன்கள் இதே ஜோடியைத் தோற்கடித்து அந்த 12ஐ எடுத்துக்கொண்டார்கள். 2013இல் பிரையன்கள் ஆஸ்திரேலியா, பிரெஞ்ச், விம்பிள்டன் மூன்றையும் வென்றுவிட்டு நியூயார்க் வந்தார்கள். ஒரே ஆண்டில் நான்கையும் வென்ற ஆண்கள் ஜோடி 1951க்குப் பிறகு இல்லை. அரையிறுதியில் முதல் செட்டை 6-3 என்று எடுத்தும்விட்டார்கள். அதற்குப் பிறகு 6-3, 6-4 என்று பயஸும் ஸ்டெபானெக்கும் திருப்பினார்கள். பயஸுக்கு அப்போது 40 வயது. தாய்வயிற்றில் தொடங்கிய பழக்கத்தை, கொஞ்ச காலப் பழக்கம் இரண்டு முறை தோற்கடித்திருக்கிறது என்பதில் எனக்கு இன்றைக்கும் தெம்பு உண்டு.

சரி, இந்த வழிக்கு விலை இல்லையா? இருக்கிறது, பெரிய விலை. டூரில் டாம், டிலூஹி, ஸ்டெபானெக் போன்ற செக் நாட்டுக்காரரோடு சேரலாம், ஒலிம்பிக்ஸில் முடியாது. அங்கே உன் நாட்டில் இருப்பவர்தான் உன் பார்ட்னர். 2004 ஏதென்ஸில் பயஸும் பூபதியும் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் குரோஷிய ஜோடியிடம் மூன்றாவது செட்டை 16-14 என்று இழந்தார்கள். 2012 லண்டனுக்குப் பூபதியும் ரோகன் போபண்ணாவும் பயஸோடு ஆட மறுத்தார்கள். பயஸ் விஷ்ணு வர்தனோடு இறங்கினார், இரண்டாம் சுற்றில் பிரான்சின் லோட்ரா-சோங்கா ஜோடியிடம் தோற்றார். அதே லோட்ராவையும் சோங்காவையும் இறுதியில் வென்று தங்கம் வாங்கியவர்கள் பிரையன்கள். ஏழு ஒலிம்பிக்ஸ் ஆடிய பயஸுக்கு இரட்டையர் பதக்கம் கடைசி வரை அமையவில்லை. என்னைப் போல பயஸ் பக்கம் நிற்கிறவர்கள் இதை மறைத்துப் பேசக்கூடாது. பார்ட்னரோடு உறவைப் பராமரிப்பதும் டபுள்ஸ் ஆட்டத்தின் பாதி. பிரையன்கள் அதில் ஒருநாளும் தவறவில்லை.

என் வாதத்துக்கு இடைஞ்சலான இன்னொரு விஷயமும் உண்டு. 2018 மே மாதம் பாபுக்கு இடுப்பு போய்விட்டது, அறுவைச் சிகிச்சை செய்து உலோகம் வைக்க வேண்டியதாயிற்று. மைக் தனியாக நின்றார். ஜாக் சாக்கோடு சேர்ந்து அதே வருஷம் விம்பிள்டன், அமெரிக்க ஓபன் இரண்டையும் வென்றார். அவருக்கும் 40 வயது. ஒரே ஜோடியாக ஆடியவருக்குத் தனியே ஒன்றும் தெரியாது என்று யாராவது சொன்னால் இது பதில். மைக்கின் ரிட்டர்ன் யார் பக்கத்தில் நின்றாலும் அதே ரிட்டர்ன்தான். ஆனால் அவர் போய்ச் சேர்ந்த சாக் ஏற்கெனவே விம்பிள்டன் இரட்டையர் சாம்பியன். எங்கள் கோர்ட்டில் அப்படி யாரும் காத்திருப்பதில்லை. பாப் அடுத்த வருஷமே திரும்பி வந்து மைக்கோடு மயாமி பட்டம் வென்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அந்தப் பாசத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆகவே பணத்துக்கும் பட்டத்துக்கும் ஆடுகிறவருக்கு எது நல்லது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. என் அனுபவம் வாரத்துக்கு இரண்டு நாள், களிமண்ணிலும் கொஞ்சம் ஹார்டு கோர்ட்டிலும். என் அளவில் பேசலாம். ஒன்றரை வருஷத்தில் பதினேழு பேரோடு ஆடியிருக்கிறேன். கல்லூரிப் பையன், ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர், பள்ளியில் விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர். முதல் மூன்று மாதம் தோற்றதுதான் அதிகம். இப்போது டாஸ் போடும் முன்பே மூன்று கேள்வி கேட்டுவிடுகிறேன்: எந்தப் பக்கம் நிற்கிறீங்க, லாப் வந்தா யார் எடுக்கறது, நடுப்பந்து யாருக்கு. முப்பது விநாடி வேலை. டீச்சர் பேக்ஹேண்ட் பலம் என்பதால் வலது பக்கம் நின்றபடியே நடுப்பந்தை அவர் எடுக்கிறார். மேனேஜர் சாருக்கு முழங்கால் வலி, அவருக்குப் பின்னால் விழும் லாப் எல்லாம் என்னுடையது. ஆளுக்கு ஆள் மாற்றி ஆடுவதில் வாலியும் (தரையில் படும் முன்பே பந்தை அடிப்பது) முன்பைவிடத் தேறியிருக்கிறது, ஏனென்றால் என் பந்தை நான்தான் எடுத்தாக வேண்டும்.

வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காக அண்ணன் சென்னை வந்திருந்தார். மறுநாள் காலை பழைய இடத்தில் ஆடினோம், நான் வலது, அவர் இடது. இரண்டாவது கேமிலேயே நடுவில் ஒரு பந்து வந்தது. "என்னுது" என்று கத்திவிட்டு, அவர் முன்னால் குறுக்கே போய் வாலி அடித்துவிட்டேன். அவர் ராக்கெட்டைத் தாழ்த்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இது எப்பலேர்ந்து?"