சர்க்கரையே சேர்க்காத ரெண்டு ஷாம்பெயின்: வெர்த்யூ சுண்ணாம்பா, ஓப் மண்ணா?

லேபிள்ல ப்ரூட் நாச்சூர்னு போட்டிருந்தா லிட்டருக்கு 3 கிராமுக்கும் கம்மியான சர்க்கரை, கடைசி கார்க் அடிக்கிறதுக்கு முன்னாடி இனிப்பு எதுவும் சேர்க்கலன்னு அர்த்தம். சாதா ப்ரூட்ல கிட்டத்தட்ட 12 கிராம் வரைக்கும் போகலாம், சரியா பழுக்காத திராட்சையோட புளிப்ப அந்த இனிப்பு மூடிடும், இங்க மூடுறதுக்கு ஒண்ணுமே கிடையாது. அதனால இந்த ஸ்டைல்ல நான் தேடுறது சொந்தத் தோட்டத்துல வெளைய வெச்சு தானே பாட்டில் பண்ற சின்ன ஆளுங்களத்தான், அதுலயும் பயோடைனமிக்கா, அதாவது செயற்கை ரசாயனம் போடாம மொத்தத் தோட்டத்தையும் ஒரே உயிரா பாத்து பண்றவங்க. இந்த முறைய ஆரம்பிச்சு வெச்ச ஆஸ்திரிய தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் 1924ல சொன்னபடி மாட்டுக்கொம்புல சாணிய அடைச்சு குளிர்காலம் பூரா மண்ணுல புதைச்சு அப்புறம் எடுத்து தண்ணில கலக்கித் தெளிக்கிறாங்களே, அதுக்கு எவ்வளவு பலன்னு சண்ட போட்டுக்கலாம், ஆனா களைக்கொல்லி இல்லாம, தினமும் தோட்டத்துல நின்னு, பழுத்தப்புறம் பறிக்கிற ஒழுக்கமும் கூடவே வருது, சர்க்கரை இல்லாம நிக்க அதான் வேணும்.

முதல் பாட்டில் லார்மாண்டியே-பெர்னியேவோட தேர் து வெர்த்யூ. ஷாம்பெயின் பகுதியோட கோத் தே ப்ளாண்ங்கிற சரிவுல தெக்கால இருக்குற வெர்த்யூ ஊர், முழுக்க ஷார்டொனேங்கிற வெள்ளைத் திராட்சை, அடில சுண்ணாம்புப் பாறை. வாய்ல வெச்ச உடனே எலுமிச்ச, பச்ச ஆப்பிள், அப்புறம் நாக்கோட ரெண்டு ஓரத்துலயும் உப்பு போட்ட நெல்லிக்கா கடிச்ச மாதிரி ஒரு இழுப்பு, அது முழுங்கினப்புறமும் ரொம்ப நேரம் நிக்கும். இளசா இருக்கும்போது கொஞ்சம் கறார்தான், ஒத்துக்கணும்.

இன்னொண்ணு வூவெத் எ சோர்பேயோட ஃபிதேல், பெர்த்ராண் கோத்ரோ பண்றது. இது ஷாம்பெயினோட முக்கிய ஊரான எப்பெர்னேல இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல தெக்கால, ஓப்ங்கிற மாவட்டத்துப் பக்கம் புக்ஸியேர்-சுர்-ஆர்ஸ்ங்கிற ஊர், முழுக்க பினோ நுவார்ங்கிற கறுப்புத் திராட்சை, மண்ணும் வேற, சுண்ணாம்பும் களியும் கலந்த கிம்மெரிட்ஜியன், பக்கத்து வெள்ளை வைன் ஊரான ஷப்லில இருக்குற அதே வகை. செர்ரி, ஆரஞ்சுத்தோல், ரொட்டி மேல்தோல் வாசனைன்னு அகலமா வருது, சர்க்கரை இல்லன்னே தோணாது, பழுத்த பினோவோட சதையே அந்த எடத்த நிரப்பிடுது.

பெரிய ஷாம்பெயின் கம்பெனிகள்ல லோரான்-பெரியே 1981லயே சர்க்கரை சேர்க்காத அல்ட்ரா ப்ரூட் கொண்டு வந்துட்டாங்க, சுத்தமா நேர்த்தியா இருக்கும், ஆனா பல ஊர் திராட்சையக் கலந்தது, ஒரு ஊரோட முகம் அதுல தெரியாது.

ப்ரூட் நாச்சூர் இதுவரைக்கும் குடிச்சதில்லன்னா ஃபிதேல்ல ஆரம்பிங்க, கூட அதே ஓப் பக்கத்து ஷவுர்ஸ் சீஸ் இல்ல வாட்டின கோழி. எனக்கு மட்டும் ஒண்ணுதான்னா தேர் து வெர்த்யூவத்தான் எடுப்பேன், ஏன்னா அந்த உப்பு வேற எங்கயும் கெடைக்கல, சிப்பியோட சாப்பிட்டா இன்னும் தூக்கலா தெரியும். எதுவானாலும் ஒல்லியான ஃப்ளூட் க்ளாஸ் வேணாம், வெள்ளை வைன் க்ளாஸ்ல 10-12 டிகிரில ஊத்துங்க, ஐஸ் மாதிரி குளுந்தா புளிப்பு மட்டும்தான் தெரியும், பின்லேபிள்ல ஈஸ்ட் வண்டல எடுத்த தேதி இருந்தா பாத்துட்டு சில மாசமாவது ஆனத வாங்குங்க.